அறுபது சதவீத ரன்வே

விமானம் பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு. நம்ம பதிவுலகத்துல விமானம்னாலே ரெண்டு வகை இடுகைதான் வரும். ஒண்ணு, ஜன்னல் சீட்டுலேர்ந்து எடுத்த மேகம். இன்னொண்ணு, பெட்டி வந்து சேரலைங்கிற புலம்பல். இன்னிக்கு ரெண்டும் இல்லை, தரையைப் பத்தி. ஒரு சின்ன ஜெட் விமானம் இறங்கி நிக்கறதுக்கு எவ்வளவு தரை வேணும், அந்தக் கணக்கு எப்படி உருவாச்சு, அது எங்கெல்லாம் கைவிட்டதுன்னு ஒரு குட்டி வரலாறு. எண்கள் கொஞ்சம் வரும், பயப்படாதீங்க. எல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்குதான். காப்பி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். "இந்த விமானம் இறங்க 700 மீட்டர் போதும்"னு எங்கயாவது படிச்சா, உடனே 700 மீட்டர் ரன்வே இருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க. ரெண்டும் வேற வேற. முதலாவது, விமானம் நிஜமா நின்ன தூரம். ரெண்டாவது, சட்டம் கேக்கற தூரம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் இந்தப் பதிவோட கதாநாயகன்.

சோதனை நாளும் சாதாரண நாளும்

ஒரு புது விமானத்துக்குச் சான்றிதழ் வாங்கணும்னா, அது எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு ஓட்டிக் காட்டணும். ரன்வே தொடங்குற இடத்துல விமானம் 50 அடி உயரத்துல இருக்கணும். அங்கேர்ந்து அளவு ஆரம்பம். விமானம் முழுசா நிக்கற இடத்துல அளவு முடியும். ரன்வே காய்ஞ்சிருக்கும். ஓட்டறவர் கம்பெனியோட சோதனை பைலட், அந்த வேலையில கரைகண்டவர். விமானத்தை மிதக்க விடாம அழுத்தமா இறக்கி, சக்கரம் தொட்டதுமே பிரேக்கை முழு பலத்தோட மிதிப்பார். அப்படி வர்றதுதான் அந்த 700 மீட்டர். காய்ஞ்ச ரன்வேக்கான இந்த அளவுல இஞ்சின் காற்றை முன்பக்கமாத் திருப்பிவிடுற ரிவர்ஸ் த்ரஸ்ட் கணக்குல வராது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

சாதாரண நாள் அப்படியா இருக்கும்? பைலட் நாலாவது தடவையா இறக்கிக்கிட்டு இருப்பார். காத்து பின்னாலேர்ந்து லேசாத் தள்ளும். டயர் தேஞ்சிருக்கும். உள்ள நூறு பேர் இருக்கறதால பிரேக்கை மென்மையாத்தான் மிதிப்பார். இதையெல்லாம் ஒவ்வொண்ணா அளந்து சட்டம் போட முடியாது. அதனால ஒரே கோடு கிழிச்சாங்க: இறங்கப்போற ரன்வேயோட நீளத்துல 60 சதவீதத்துக்குள்ள விமானம் நிக்கணும். திருப்பிப் போட்டா, சோதனையில நின்ன தூரத்தை 1.67 ஆல பெருக்கினா வர்ற நீளமாவது ரன்வே இருக்கணும்.

நம்ம வீட்டுக் கல்யாணத்துல நூறு பேருக்கு இலை போடறோம்னா சமையல்காரர் நூத்தறுபது பேருக்கு உலை வைக்கறாரே, அதே புத்திதான்.

இந்த 60 சதவீதம் ஜெட் காலத்துக்கு முன்னாடியே, ப்ரொபெல்லர் விமான விதிகள்லயே அமெரிக்காவில இருந்தது. ஆனா ப்ரொபெல்லருக்கு ஒரு வசதி உண்டு. தரை தொட்டதும் அதோட இலைகளைத் தட்டையாத் திருப்பினா, அதுவே காத்துல ஒரு பலகை மாதிரி நின்னு வேகத்தைக் குறைக்கும். ஜெட்டுக்கு அது கிடையாது. வேகமும் அதிகம். 1957ல அமெரிக்காவில ஜெட் மாதிரி டர்பைன் விமானங்களுக்குன்னு தனி விதித்தொகுப்பு (எஸ்.ஆர்-422) வந்தது. 60 சதவீதம் தொடர்ந்தது. ஈர ரன்வேயில ஜெட்டுகள் வழுக்க ஆரம்பிச்சதும், ரன்வே ஈரமா இருக்கும்னு தெரிஞ்சா இன்னும் 15 சதவீதம் சேர்க்கணும்னு பிறகு வந்தது. அதாவது 1.67 பெருக்கல் 1.15. சுமாரா 1.92. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

கேக்க நல்லா இருக்கு இல்லையா? ரெண்டு மடங்கு தரை. இதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும்னு தோணும். இங்கதான் ரெண்டு ஓட்டை இருக்கு.

முதல் ஓட்டை: சதவீதம் வேற, மீட்டர் வேற

ஒரு பெரிய ஜெட் சோதனையில 1800 மீட்டர்ல நிக்குதுன்னு வச்சுக்குவோம். அதுக்கு 3000 மீட்டர் ரன்வே வேணும். கையிருப்பு 1200 மீட்டர். ஒரு சின்ன ஜெட் 720 மீட்டர்ல நிக்குது. அதுக்கு 1200 மீட்டர் ரன்வே போதும். கையிருப்பு 480 மீட்டர். சதவீதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

இப்போ பைலட் அஞ்சு செகண்ட் தாமதமா சக்கரத்தைத் தரையில வைக்கறார். சின்ன ஜெட் 115 நாட் வேகத்துல வந்தா செகண்டுக்கு 59 மீட்டர். அஞ்சு செகண்டுல கிட்டத்தட்ட 300 மீட்டர் காலி. 480ல மிச்சம் 180. பெரிய ஜெட் 140 நாட்ல வந்தா அதே அஞ்சு செகண்டுக்கு 360 மீட்டர் போகும். ஆனா 1200ல 840 மிச்சம் இருக்கும். தப்பு ஒண்ணுதான், அபராதம் மட்டும் வேற. மனுஷனோட தப்பு விமானத்தோட சைஸைப் பார்த்து சின்னதாகறது இல்லைங்க. சின்ன ரன்வேக்குப் போற சின்ன ஜெட்டுக்கு, அதே 1.67 உண்மையில மெலிசான போர்வை.

குட்டை ரன்வேக்காகப் பிறந்த ஜெட்

இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டு ஒரு விமானத்தைப் பார்க்கலாம். பிரிட்டன்ல ஹாக்கர் சிட்லி கம்பெனி 1973ல அறிவிச்ச எச்.எஸ்.146. அடுத்த வருஷமே திட்டம் கிடப்புல போய், 1978ல உயிர் பெற்று, பி.ஏ.இ.146ங்கற பேர்ல 1981 செப்டம்பர் 3ம் தேதி முதல்முறையாப் பறந்தது. இறக்கை மேல, அதுக்குக் கீழே நாலு குட்டி இஞ்சின். பார்க்க பொம்மை மாதிரி இருக்கும். சத்தம் கம்மி. குட்டை ரன்வேக்குன்னே யோசிச்சுச் செஞ்சது.

இதுல ஒரு வினோதம், ரிவர்ஸ் த்ரஸ்டே கிடையாது. அதுக்குப் பதில் வால் நுனி ரெண்டாப் பிளந்து பூ இதழ் மாதிரி விரியும். அது காத்தைத் தடுக்கும். இறக்கை மேல ஆறு பலகைகள், ஸ்பாய்லர்னு பேரு. தரை தொட்டதும் அது எழும்பி நின்னு இறக்கையோட தூக்கு சக்தியைக் கெடுக்கும். தூக்கு சக்தி போனாத்தான் விமானத்தோட மொத்த எடையும் சக்கரத்து மேல உக்காரும். எடை உக்கார்ந்தாத்தான் பிரேக் பிடிக்கும். இந்தச் சங்கிலியைக் கவனிச்சு வச்சுக்குங்க.

இந்த விமானத்துக்கு ஏத்த மேடை லண்டன்லயே கிடைச்சது. கப்பல்கள் வராமப் போன பழைய துறைமுகப் பகுதியில, ரெண்டு கப்பல் குளங்களுக்கு நடுவுல இருந்த நீளமான திட்டுல ஒரு விமான நிலையம். 1982 ஜூன்ல டேஷ் 7ங்கற ப்ரொபெல்லர் விமானத்தைப் பக்கத்துல இருந்த ஹெரான் கீஸ்ல இறக்கிக் காட்டினாங்க. அக்கம்பக்கத்துக்காரங்க சத்தத்துக்கு பயந்து எதிர்த்தாங்க. பொது விசாரணையெல்லாம் நடந்து, 1987ல லண்டன் சிட்டி விமான நிலையம் திறந்தது. ரன்வே வெறும் 1080 மீட்டர். விமானம் 7.5 டிகிரி சரிவுல இறங்கணும். (மத்த ஊர்கள்ல சாதாரணமா 3 டிகிரி.) ஜெட்டுக்கு அனுமதி இல்லை.

1988லயே 146ஐ அங்க இறக்கிக் காட்டினாங்க. 1992ல ரன்வே நீண்டது, சரிவு 5.5 டிகிரியாக் குறைஞ்சது, 146 வழக்கமா வர ஆரம்பிச்சது. செங்குத்தா வர்றதுக்குக் காரணம் சுத்தியிருக்கற கட்டிடங்களும் சத்தமும்தான். ஆனா அதுல நீளக்கணக்கும் ஒளிஞ்சிருக்கு. 50 அடி உயரத்துலேர்ந்து 3 டிகிரியில நேர்கோடா வந்தா, அது தரையைத் தொடற இடம் 290 மீட்டர் தள்ளி. 5.5 டிகிரியில வந்தா 160 மீட்டர். சரிவை மாத்தினதுலயே 130 மீட்டர் மிச்சம்! இன்னிக்கு அங்க இறங்கறதுக்குக் கிடைக்கற நீளம் 1319 மீட்டர். 60 சதவீதம் போட்டா சுமாரா 790 மீட்டருக்குள்ள நிக்கணும். இதுக்குன்னே தனி அனுமதி வாங்கின விமானங்கள், தனிப்பயிற்சி எடுத்த பைலட்டுகள் மட்டும்தான் அங்க வர முடியும். தரை குறைஞ்சா ஒழுங்கு கூடணும்கறது அந்த ஊர் ஏற்பாடு.

ரெண்டாவது ஓட்டை: கணக்கு எப்போ போட்டது?

60 சதவீதக் கணக்கை எப்போ போடறாங்க தெரியுமா? புறப்படறதுக்கு முன்னாடி. காகிதத்துல. வானிலை அறிக்கையை நம்பி. ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போய்ச் சேரும்போது அங்க பனி கொட்டியிருக்கலாம், காத்து திரும்பியிருக்கலாம். அப்போ அதே இருப்போட மறுபடி ஒரு கணக்கு போடணும்னு அமெரிக்க விதியில இல்லவே இல்லை. கிளம்பும்போது ரெண்டு மடங்கு ஜாக்கிரதை, இறங்கும்போது அவரவர் சாமர்த்தியம்.

இந்த ஓட்டை 2005 டிசம்பர் 8ம் தேதி ராத்திரி சிகாகோ மிட்வே விமான நிலையத்துல எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. சௌத்வெஸ்ட் கம்பெனியோட போயிங் 737-700, 103 பேரோட பால்டிமோர்லேர்ந்து வருது. நம்ம சின்ன ஜெட்டை விடப் பெரிசுதான், ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணு. பனி கொட்டுது. பின்காத்து 8 நாட். பைலட்டுகள் கணக்கு போடாம இல்லை. மடிக்கணினியில போட்டாங்க. பிரேக் சுமாராப் பிடிக்கும்னு வச்சா சில நூறு அடி மிச்சம், மோசமாப் பிடிக்கும்னு வச்சா அம்பது அடிக்கும் குறைவாத்தான் மிச்சம்னு காட்டிச்சு. ஆனா அந்தக் கணினி ரிவர்ஸ் த்ரஸ்ட் உடனே போட்டதா நினைச்சுக்கிட்டுக் கணக்கு பண்ணியிருந்தது! சோதனை நாள்ல கணக்குல சேர்க்காத அதே ரிவர்ஸ் த்ரஸ்ட். நிஜத்துல அது தரை தொட்டு 18 செகண்ட் கழிச்சுத்தான் விரிஞ்சுது.

விமானம் ரன்வேயைத் தாண்டி, வேலியை உடைச்சு, சாலையில போய் நின்னுச்சு. அங்க ஒரு காருக்குள்ள இருந்த ஆறு வயசுப் பையன் இறந்து போனான். விமானத்துக்குள்ள இருந்த யாரும் சாகலை. டிக்கெட் வாங்காதவன், விமானத்துல ஏறாதவன், சாலையில போய்க்கிட்டு இருந்தவன். ரன்வே நீளம்ங்கிறது பயணிக்கும் பைலட்டுக்கும் நடுவுல இருக்கற விஷயம் மட்டும் இல்லைன்னு இதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது.

விசாரணை பண்ணின என்.டி.எஸ்.பி. முதல் காரணமா, ரிவர்ஸ் த்ரஸ்டை நேரத்துக்குப் போடாததைச் சொன்னாங்க. கூடவே, வந்து சேரும்போது போட்ட கணக்குல இருப்பு எதுவும் வைக்காததையும் காரணங்கள்ல சேர்த்தாங்க.

விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்.ஏ.ஏ., 2006ல இறங்கறதுக்கு முன்னாடி புதுசாக் கணக்கு போட்டு, அதுல குறைஞ்சது 15 சதவீதம் இருப்பு வைக்கணும்னு கட்டாயமாக்கப் பார்த்தது. எதிர்ப்பு வந்தது. கடைசியில அதே வருஷம் ஆகஸ்ட்ல பரிந்துரையா மட்டும் வெளியிட்டாங்க.

ஸ்டூர்ட், டிராவர்ஸ் சிட்டி

ரெண்டு மாசம் கூட ஆகலை. 2006 அக்டோபர் 10, நார்வே. ஸ்டூர்ட்ங்கற தீவுல ஒரு குட்டி விமான நிலையம். இறங்கறதுக்குக் கிடைக்கற நீளம் 1200 மீட்டர். ரன்வே முடிஞ்சா செங்குத்துச் சரிவு, கீழே கடல். வந்தது நம்ம கதாநாயக விமானம், பி.ஏ.இ.146. உள்ள 12 பயணிகள், 4 சிப்பந்திகள். ரன்வே லேசா ஈரம். காகிதத்துல, அங்க இறங்க அனுமதி உள்ள விமானம்தான். இறக்கினதுலயும் பெரிய குறை இல்லை.

ஆனா ஸ்பாய்லர் எழும்பலை. ஆறுல ஒண்ணு கூட. மேல சொன்ன சங்கிலி அங்கேயே அறுந்துடுச்சு. இறக்கை தூக்கிக்கிட்டே இருக்கு, சக்கரத்து மேல எடை இல்லை, பிரேக் பிடிக்கலை. பிரேக்தான் போயிடுச்சுன்னு நினைச்ச கேப்டன் அவசர பிரேக்குக்கு மாத்தினார். அதுல சக்கரம் பூட்டிக்காம தடுக்கற ஏற்பாடு கிடையாது. சக்கரங்கள் பூட்டிக்கிச்சு. பூட்டின டயர் ஈரத்துல தேய்ஞ்சு சூடாகி, ரப்பர் பிசின் மாதிரி இளகி, அடியில இருந்த தண்ணி ஆவியாகி, விமானம் அந்த ஆவி மேலயே வழுக்கிக்கிட்டுப் போச்சு. தண்ணி வடியறதுக்கு ரன்வேயில குறுக்குக் கோடுகள் வெட்டியிருந்தா இது இவ்வளவு மோசமா ஆகியிருக்காது. அங்க வெட்டலை.

ரன்வே முனையைத் தாண்டும்போது வேகம் சுமார் 15-20 நாட்தான். ஒரு டவுன் பஸ் வேகம். இன்னும் கொஞ்சம் தரை இருந்திருந்தா வெறும் செய்தித்தாள் துணுக்காப் போயிருக்கும். சரிவுல உருண்டு தீப்பிடிச்சதுல 4 பேர் இறந்தாங்க. நார்வே விசாரணைக் குழுவோட அறிக்கை 2012ல வந்தது.

அடுத்தது 2007 ஏப்ரல் 12, அமெரிக்காவோட மிச்சிகன்ல டிராவர்ஸ் சிட்டி. நடுராத்திரி தாண்டின நேரம். சி.ஆர்.ஜே.-200ங்கற 50 இருக்கை ஜெட். ரன்வே 6,500 அடி, அதாவது கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். இந்தச் சைஸ் விமானத்துக்குத் தாராளம். ஆனா பனி கொட்டுது. சிகாகோவுக்கு அப்புறம் அந்தக் கம்பெனியும் இறங்கறதுக்கு முன்னாடி கணக்கு போடணும்னு தன் விதிப்புத்தகத்துல எழுதி வச்சிருந்தது. பைலட்டுகள் போடலை. விமானம் முனையைத் தாண்டிப் போச்சு. நல்லவேளை, யாருக்கும் அடி படலை. ஏன் போடலை? நாள் முழுக்க ஓடின ஓட்டத்துல ரெண்டு பேரும் களைச்சுப் போயிருந்தாங்கன்னு என்.டி.எஸ்.பி. எழுதிச்சு. சோதனை பைலட் நல்லாத் தூங்கி எழுந்து இறக்கின தூரத்துக்கும், களைச்ச பைலட் அர்த்தராத்திரியில இறக்குற தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காகத்தானே அந்த 1.67ஐயே கண்டுபிடிச்சாங்க!

அப்புறம் என்னாச்சு?

நல்ல விஷயங்களும் நடந்தது. மிட்வே ரன்வே முனைகள்ல பின்னாடி ஒரு விசேஷ கான்கிரீட் படுக்கை போட்டாங்க. சக்கரம் ஏறினா அப்பளம் மாதிரி நொறுங்கி விமானத்தைப் பிடிச்சுக்கும். 2010 ஜனவரியில மேற்கு வர்ஜீனியாவோட சார்ல்ஸ்டன்ல, கிளம்பறதைப் பாதியில கைவிட்ட ஒரு சி.ஆர்.ஜே.-200 இதே மாதிரிப் படுக்கையில புதைஞ்சு நின்னுச்சு. உள்ள 34 பேர், யாருக்கும் காயம் இல்லை. அதுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு.

"பிரேக் சுமாராப் பிடிக்குது"ங்கற வாய்வார்த்தைக்குப் பதில், ரன்வே நிலைமைக்கு 6லேர்ந்து 0 வரைக்கும் மார்க் போடற முறை 2016 அக்டோபர்ல அமெரிக்காவில வந்தது. 6ன்னா காய்ஞ்சது. 0ன்னா பக்கமே வராதே. 2021 நவம்பர்ல ஐ.சி.ஏ.ஓ. இதே மாதிரி முறையை உலகத்துக்கே பொதுவாக்கிச்சு. இறங்கறதுக்கு முன்னாடி மறுகணக்கு போடறது ஐரோப்பாவில 2021ல கட்டாயமாச்சு. சிகாகோ விபத்து நடந்து பதினாறு வருஷம்!

எதிர்த்திசையிலயும் ஒரு இழுப்பு உண்டு. வாடகை ஜெட், பங்குதாரர் ஜெட் நடத்தற சில வகைக் கம்பெனிகளுக்கு, அனுபவமுள்ள பைலட்டுகளும் ஒவ்வொரு ஊருக்கும் முன்கூட்டியே செஞ்ச ஆய்வும் இருந்தா 60க்குப் பதில் 80 சதவீதம் போதும்னு அமெரிக்கா 2003லயே ஒரு வழி திறந்து விட்டது. பெரிய விமானம் போகாத சின்ன ஊருக்கெல்லாம் போறதுதான் அவங்க தொழில். அவங்க வாதத்துல நியாயம் இல்லாம இல்லை. ஆனா 80 சதவீதம்னா பெருக்கல் 1.25. 1200 மீட்டர் ரன்வேயில கையிருப்பு 480லேர்ந்து 240 ஆகிடும். நாலு செகண்ட் மிதப்பு. அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான். சதவீதத்துல விதி எழுதறது சுலபம். ஆனா இறங்கற நிமிஷத்துல கையில எத்தனை மீட்டர் மிச்சம் இருக்குன்னு கேக்கறதுதான் முக்கியம். காலியா இருக்கற ரன்வேயைப் பார்த்தா கணக்குப்பிள்ளைக்கு வீணாத் தெரியும். அந்த வீண்தான் ஸ்டூர்ட்ல கொஞ்சம் குறைஞ்சு போச்சு. சிகாகோவில ஒரு குடும்பம் கார்ல போன சாலை வரைக்கும் நீண்டுடுச்சு. அடுத்த தடவை உங்க விமானம் இறங்கி, பாதி ரன்வேயிலயே திரும்பி வெளியே போச்சுன்னா, மிச்சப் பாதியை ஒரு தடவை எட்டிப் பாருங்க. அது உங்களுக்காக ஒதுக்கி வச்ச இடம்.

சின்ன ரன்வேயில இறங்கின அனுபவம் யாருக்காவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. ஊர் பேரும் விமானம் என்னன்னும் சொன்னா, 60 சதவீதம் எவ்வளவு வருதுன்னு சேர்ந்து கணக்கு போட்டுப் பார்க்கலாம் :-)